மூன்று நாள், இருபத்தேழு டிகிரி

செவ்வாய்க்கிழமை பிடித்த தண்ணீர்
வெள்ளிக்கிழமைதான் வாய் திறக்கும்.
அதுவரை இன்குபேட்டர் இருட்டில்
இருபத்தேழு டிகிரியில்
மூடி இறுகிய பாட்டிலுக்குள்
கண்ணுக்குத் தெரியாதவை மூச்சைத் தின்றுகொண்டிருக்கும்.
எவ்வளவு தின்றன என்பதுதான் கணக்கு.
அதிகம் தின்றால் அழுக்கு அதிகம்.
நான் படித்த படிப்பு இவ்வளவுதான்.

ஓசூர் குளித்துக் கழுவிக் கொட்டியதெல்லாம்
காலை ஐந்தரையிலிருந்து எட்டுக்குள் வந்து சேரும்.
சல்லடையில் ஷாம்பு உறை, முடிக்கொத்து,
ஒருமுறை ஒற்றைக் கொலுசு.
அதைக் கழுவி ஜன்னலில் மாட்டினார் தஸ்தகீர்.
இன்னும் யாரும் கேட்டு வரவில்லை.

தஸ்தகீருக்கு மீட்டர் வேண்டாம்.
காற்றுத் தொட்டியின் விளிம்பில் நின்று
ஒரு இழுப்பு.
"மழை பேஞ்ச மண்ணு மாதிரி வாசன வந்தா
ஸ்லட்ஜ் உயிரோட இருக்கு மேடம்."
மைக்ராஸ்கோப்பில் அவை
காம்பின் நுனியில் ஆடும் சின்ன மணிகள்.
தட்டினால் சுருங்கும்,
பயம் தெளிந்து நீளும்.
அவை ஆடும் நாட்களில்
நான் ஆற்றுப் பாலத்தைத் தலைநிமிர்ந்து கடப்பேன்.

திங்கள் இரவு பதினொன்று ஐம்பதுக்கு
மின்சாரம் போனது.
டீசல் அரை டிரம்.
அந்த அறையின் சாவி பரந்தாமன் சாரிடம்,
பரந்தாமன் சார் சேலத்தில்.
ப்ளோயர் நின்ற பிறகு வந்த அமைதி
நல்ல அமைதி இல்லை என்றார் தஸ்தகீர்.
நாலு மணிவாக்கில்
மூங்கில் கழியால் தொட்டியைக் கலக்கிப் பார்த்தாராம்.
அவ்வளவு பெரிய தொட்டியை.
ஒரு கழியால்.
சிரிக்காமல் சொன்னார். நானும் சிரிக்கவில்லை.

காலையில் தண்ணீர் சாம்பல் நிறம்.
மணிகள் காம்பைவிட்டுக் கழன்றிருந்தன.
வெளிவாயில் ஒரு ஷட்டர் உண்டு.
இறக்கினால் பின்னால் ஊர் நிற்கும்,
ஊர் அப்போதுதான் பல் தேய்த்துக்கொண்டிருந்தது.
மாதிரி எடுத்துக்கொண்டு
மீதியைப் போகவிட்டேன்.

சூளகிரிப் பக்கம் கெம்பம்மா
புதன்கிழமை கொத்தமல்லி பிடுங்கியிருப்பாள்.
வாய்க்காலில் வேரை அலசி
கட்டுக்குக் கட்டு தண்ணீர் தெளித்து
ஆட்டோவில் அடுக்கியிருப்பாள்.
ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன்.
ஆற்றோரம் நான் பாட்டிலை முக்கும்போது
"இது குடிக்கவா, பாக்கவா?" என்றாள்.
பார்க்க, என்றேன்.
"பாத்துட்டு வந்து சொல்லு."

வியாழன் மாலை சந்தையில்
பத்து ரூபாய்க்கு ஒரு கட்டு வாங்கி முகர்ந்தேன்.
கொத்தமல்லி வாசனை மட்டுமே வந்தது.
அதுதான் பயமாக இருந்தது.

வெள்ளி.
பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக.
நீலம் சீக்கிரமே வெளுத்துவிட்டது,
பாட்டிலில் மூச்சு மிச்சமில்லை.
இருபதுக்குள் நிற்க வேண்டிய இடத்தில்
அறுபத்து நாலு.

"சரியாத்தான் பாத்தீங்களா?
போன வாரம் பதினெட்டுதானே.
கொஞ்சம் பாத்துப் போடுங்கம்மா."
போனில் பரந்தாமன் சார், அதட்டாமல்.

பார்த்துப் போட்டும் இருக்கிறேன்.
பங்குனியில், ஒரு பதினெட்டு.
ரிஜிஸ்தரில் அந்தப் பக்கத்தை
இன்றும் வேகமாகப் புரட்டுவேன்.

64.
பேனாவில் எழுதினேன்.
பக்கத்தில்: இரவு 11.50 முதல் 5.10 வரை காற்று இல்லை.
டீசல் என்று எழுதி, அடித்து,
மறுபடி எழுதினேன்.

எந்த எண்ணும் தண்ணீரைத் திரும்பக் கூப்பிடாது.
அது இந்நேரம் கிருஷ்ணகிரி அணையில்
ஏதோ ஒரு மீனின் செவுளுக்குள்.

கிளம்பும்போது தஸ்தகீர் கத்தினார்:
"மேடம், ரெண்டு மணி வந்திருக்கு!"
கடிகாரத்தைப் பார்த்தேன், ஆறே கால்.
பிறகுதான் புரிந்தது.

பஸ்ஸில் சூளகிரிக்கு ஒரு டிக்கெட்.
அறுபத்து நாலை அவளிடம் எப்படிச் சொல்வது?
கொஞ்ச நாள் கிணற்றுத் தண்ணீரில் அலசு என்று சொல்லலாம்.
அவளுக்குக் கிணறு இருக்கிறதா என்று
நான் கேட்டதே இல்லை.